பூரணி குடிக்காத பால்

தவமணி அம்மையின் ஆசிரமத்தில் பசுக்களைப் பார்த்துக்கொண்டவர் வைரவன். சீடர்தான் என்றாலும் குருவைவிட வயதில் மூத்தவர். மனைவி இறந்த துக்கத்தில், ஆறு வயது மகளைக் காரைக்குடியில் அவள் சித்தியிடம் விட்டுவிட்டுக் கிளம்பியவர் திரும்பிப் போகவே இல்லை. அந்த ஊரை நினைக்காத நாளும் இல்லை.

அந்த மகள் பூரணி ஒருநாள் வந்தாள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. சொல்லிவிட்டு மாலையே கிளம்புவதாக இருந்தாள்.

வைரவன் தானே பால் கறந்தார். தானே காய்ச்சினார். நன்றாக ஆற்றி, நுரை ததும்பக் கொண்டுவந்து நீட்டினார்.

"எனக்குப் பால் ஒத்துக்காதுங்க" என்றாள் பூரணி. "குடிச்சா வயித்த வலிக்கும். விட்டு ரொம்ப வருஷமாச்சு."

"சின்னதுல ஆசையாக் குடிப்பியேம்மா?"

"அதுக்கப்புறம்தாங்க அப்படி ஆச்சு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். வைரவனுக்கு டம்ளர் கையில் கனத்தது. விறுவிறுவென்று அடுக்களைக்குப் போனார்.

அம்மை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். துறவுக்கு முன் மருத்துவம் படித்தவர் அவர்.

"அம்மா, பசும்பாலுக்கு ஈடாக என் மகளுக்கு என்ன கொடுக்கலாம்?"

"புரதம் என்றால் சோயாப்பால். ஏறக்குறையப் பசும்பால் அளவுக்கு உண்டு."

"ஊறப்போடட்டுமா?"

"போடலாம். சுண்ணாம்புச்சத்து அதில் குறைவு."

"பாதாம்பால்?"

"ருசியாக இருக்கும். வடிகட்டிய பிறகு புரதம் கொஞ்சம்தான் மிஞ்சும்."

"தேங்காய்ப்பால் உடனே எடுத்துவிடலாமே?"

"கொழுப்புதான் அதிகம். மற்றதெல்லாம் பேருக்குத்தான்."

"கேழ்வரகு? எள்?"

"இரண்டிலும் சுண்ணாம்புச்சத்து நிறைய உண்டு. ஆனால் பாலில் இருக்கிற பி12 இவை எதிலும் கிடையாது. அதற்கு வேறு வழி பார்க்க வேண்டும்."

வைரவன் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார்.

"அப்படியென்றால் பாலுக்குச் சமமாக ஒன்றுகூட இல்லையா? இத்தனை வருஷம் பாலில்லாமல் என் பிள்ளை உடம்பு என்னத்துக்கு ஆகியிருக்கும்?"

அம்மை கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தார். "இப்படி வாருங்கள்" என்று வாசற்படிக்கு அழைத்துப்போனார்.

முற்றத்தில் சமையல்காரம்மா நிறைகுடத்தைத் தூக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். பூரணி சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தாள். ஒரே வீச்சில் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். ஏதோ சொல்லிச் சிரித்தபடியே தொட்டிவரை நடந்துபோனாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

வைரவன் பார்த்தார். வந்ததிலிருந்து அவள் முகத்தில் ஆறு வயதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். இப்போதுதான் அந்தத் தோளையும், நெடுநெடுவென்ற உயரத்தையும், அவள் அம்மாவைப் போலவே கால் பதித்து நடப்பதையும் கண்டார்.

"அந்த உடம்பில் குறை தெரிகிறதா?" என்று கேட்டார் அம்மை.

"இல்லை அம்மா."

"அப்படியானால் பாலுக்கு ஈடாக எதையோ யாரோ தேடித்தேடிக் கொடுத்திருக்கிறார்கள்."

"என்ன கொடுத்திருப்பார்கள்?"

"அதை என்னிடமா கேட்கிறீர்கள்?"

தொட்டியடியில் பூரணி காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். வைரவன் ஓர் அடி எடுத்து வைத்தார். அப்படியே நின்று அம்மையிடம் திரும்பினார்.

"விட்டுட்டு வந்தவன் நான். என்ன சாப்பிட்டு வளர்ந்தாய் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?"

அம்மை அவர் கையிலிருந்த டம்ளரை மெல்ல வாங்கிக்கொண்டார்.

"உரிமை உள்ளவருக்குத் தெரிந்திருக்கும், ஐயா. தெரியாதவர்தானே கேட்க வேண்டும்?"