முள்ளம்பன்றி போட்ட அடைக்கடை

மூங்கில் அடர்ந்த மலைக்காடு ஒன்றில், பிள்ளைகளே, சிங்காரி என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தாள். அடிவாரத் தோட்டங்களில் கிழங்கு திருடுவதும் நாய்கள் துரத்த ஓடிவருவதுமாக இருந்த பிழைப்பு அவளுக்கு வெறுத்துப் போயிற்று. "இனி யார் தோட்டத்திலும் கால் வைக்க மாட்டேன்" என்று முடிவு செய்தாள். சுனைக்கரையில் அடுப்பு மூட்டி, ஓர் அடைக்கடை போட்டாள்.

காட்டு வள்ளிக்கிழங்கைத் துருவி, தட்டைக்கல்லில் அடை சுடுவாள். தொட்டுக்கொள்ளப் பிரண்டைத் துவையல். தண்ணீர் குடிக்க வந்த விலங்குகள் வாசனை பிடித்துக் கடைப்பக்கம் திரும்பின. மான் தின்றது, முயல் தின்றது. கரடி தின்றுவிட்டு வீட்டுக்கும் கட்டி வாங்கிப் போயிற்று. அவை கொடுத்த தேனிலும் தினையிலும் சிங்காரியின் குட்டிகள் கொழுகொழுவென்று வளர்ந்தன.

அவளுடைய கைப்பக்குவத்தில் குறையில்லை. ஆனால் யாராவது குறை சொல்லிவிட்டால் மட்டும் அவளுக்குப் பொறுக்காது.

ஒருநாள் மான், "அக்கா, உப்பு ஒரு சிட்டிகை கூடினாற்போல் இருக்கிறது" என்றது.

சிங்காரி மெல்லத் திரும்பினாள். முதுகு முட்கள் சடசடவென்று எழுந்து நின்றன. "என்ன சொன்னாய்?"

"ஒன்றுமில்லை அக்கா. அடை அருமை" என்ற மான், சுனையை ஒரே தாவாகத் தாண்டிப் போய்விட்டது.

"அடி கொஞ்சம் கருகி..." என்று வாயெடுத்த கரடி, மூக்கில் முள்ளோடு வீடு போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து காட்டுக்கே ஒரு வழக்கம் வந்துவிட்டது. சிங்காரி "எப்படி?" என்று கேட்டால், அடையை வாயில் வைக்கும் முன்பே "அருமை" என்று சொல்லிவிடுவது.

"இத்தனை பேர் தின்கிறார்கள், ஒருவருக்கும் ஒரு குறை இல்லை பார்" என்று சிங்காரி அடுப்பிடம் பெருமை பேசினாள்.

கோடையில் அவளுடைய பழைய அம்மி உடைந்தது. ஓடையிலிருந்து ஒரு கல்லை உருட்டி வந்து போட்டு அரைத்தாள். புது அம்மியில் முதலில் தவிட்டை அரைத்து அரைத்துக் கொட்ட வேண்டும். இல்லாவிட்டால் கல் உதிரும். சிங்காரிக்கு இருந்த அவசரத்தில் அதெல்லாம் செய்யவில்லை. துவையலோடு கல்பொடியும் கலந்தது. அவள் நக்கிப் பார்த்தாள், ஒன்றும் தெரியவில்லை. காய்ந்த எலும்பையே கொறித்துப் பழகிய பல்லுக்குக் கல்பொடி எம்மாத்திரம்?

முயல் ஒரு வாய் கடித்தது. நறநறவென்றது. முயலுக்குக் கண்ணில் நீர் தளும்பியது.

"எப்படி?" என்றாள் சிங்காரி.

"அருமை அக்கா" என்று பல்லைப் பிடித்துக்கொண்டே எழுந்து போன முயல், மறுநாள் வரவில்லை. மானும் வரவில்லை. கரடியும் வரவில்லை.

எல்லாரும் எதிர்க்கரையில் நரி புதிதாகத் திறந்த கடையில் இருந்தார்கள். நரியின் அடை ஒருநாளும் முழுதாக வெந்ததில்லை. யாராவது சொன்னால், "அப்படியா? நாளைக்குப் பக்குவமாக வேகவைக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்" என்று குனிந்து கும்பிடும். மறுநாளும் அடை வேகாது. கும்பிடு மட்டும் இன்னும் கொஞ்சம் தாழும். ஆனாலும் கூட்டம் அங்கேதான்.

சிங்காரி சுட்ட அடை ஆறிக் கிடந்தது. தினைப்பானை காலியாயிற்று. 'மறுபடியும் தோட்டத்துக்குத்தான் போக வேண்டுமோ?' என்று நினைத்தபோதே நாய்கள் குரைப்பது காதில் கேட்டது.

அந்த நேரத்தில் ஓர் ஆமை வந்தது. கடையின் புகழைக் கேள்விப்பட்டு மாரிக்காலத்தில் கிளம்பிய ஆமை, இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. அடையைத் துவையலில் தோய்த்து நிதானமாக மென்றது.

"எப்படி?"

"துவையலில் கல் இருக்கிறது."

முட்கள் எழுந்தன. சிங்காரி பின்பக்கமாகப் பாய்ந்தாள். டக்கென்று ஒரு சத்தம். ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. சற்றுப் பொறுத்து வெளியே நீட்டி, இன்னொரு வாய் மென்றது.

"இதிலும் இருக்கிறது."

மறுபடி பாய்ந்தாள். இந்த முறை அவளுடைய முட்கள்தான் முறிந்தன.

"ஊர் முழுக்க அருமை என்றார்களே" என்றாள் மூச்சிரைக்க.

"அவர்களுக்கு ஓடு இல்லையே, அம்மா" என்றது ஆமை.

சிங்காரி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எதிர்க்கரையில் கரடி மூக்கைத் தடவிக்கொண்டு வேகாத அடையை மெல்லுவது தெரிந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

எழுந்து போய், கல் உதிர்வது நிற்கும்வரை தவிட்டை அரைத்து அரைத்துக் கொட்டினாள். அம்மி சரியாயிற்று. முட்களை என்ன செய்வது? குறையைக் கேட்டால் அவை எழத்தான் எழும், பிறவிக் குணம். யோசித்தாள். இலந்தை மரத்தடிக்குப் போய்ப் புரண்டாள். முள்ளுக்கு ஒரு பழமாகக் குத்திக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தாள்.

"என் கடை அடையில் என்ன குறை என்று சொல்லுங்கள். சொல்பவருக்கு ஒரு பழம்" என்றாள்.

கரடி மரத்தின் பின்னால் நின்றுகொண்டு, "அன்றைக்கு அடி கருகியிருந்தது" என்றது. முட்கள் விறுவிறுவென்று எழுந்தன. நுனியில் செக்கச்செவேலென்று பழங்கள் ஆடின. கரடி ஒன்றைப் பறித்துத் தின்றது.

பிறகு குறைகள் ஒவ்வொன்றாக வந்தன. மான் உப்பைச் சொன்னது. முயல் கல்லைச் சொன்னது. சிங்காரி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். தீயைக் குறைத்தாள், உப்பைக் குறைத்தாள். கூட்டம் திரும்பி வந்தது. "அடை வட்டமாக இருக்கிறது" என்று குரங்கு சொன்னதற்குக்கூட ஒரு பழம் கிடைத்தது. நரி தன் அடையைத் தானே தின்று, வயிற்றுவலியில் கடையை மூடியது.

கொஞ்ச நாளில் குரங்கின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அடையைப் புரட்டிப் பார்த்தது. முகர்ந்தது. துவையலை நாக்கில் வைத்துக் கண்ணை மூடி யோசித்தது. ஒன்றும் அகப்படவில்லை.

"இன்னோர் அடை வை, சிங்காரி" என்றது. "குறை அதில் இருக்கும்."

இந்தக் கதையின் நீதி: குறை சொல்பவரை விரட்டினால் குறை போகாது, வாடிக்கைதான் போகும்.