கைக்காவலுக்கு ஒரு பிள்ளை

முன்பொரு காலத்தில் ஒரு வீட்டு உத்திரத்தில் தூளி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பழைய நூல்சேலையில் கட்டிய தூளிதான். ஆனாலும் தன்னைக் கேட்காமல் அந்த வீட்டில் எதுவும் நடக்கக் கூடாது என்பது அதன் நினைப்பு.

அப்போதெல்லாம் சாவு அங்கே அடிக்கடி வந்துபோகும். பேதி என்று ஒருமுறை, அம்மை என்று ஒருமுறை வந்து, தூளியில் கிடக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வீட்டுக்காரி நாச்சாத்தாள் அழுது முடிப்பதற்குள் தூளி அடுத்த பிள்ளைக்குத் தயாராகிவிடும். சாவு எடுத்தது போக மிஞ்ச வேண்டுமென்றால் கைக்காவலுக்குக் கூடுதலாகப் பெற்று வைக்க வேண்டும் என்று தூளி அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு ஒரு முறம் தவிட்டுக்கு விற்பதுபோல் விற்று, திரும்ப வாங்கி, தவிடன் என்று பெயர் வைப்பதும் அந்த ஊர் வழக்கம். அவ்வளவு மலிவான பிள்ளையைச் சாவு சீண்டாது என்று நம்பினார்கள்.

பிறகு ஊருக்குள் ஊசி வந்தது. குழாயில் நல்ல தண்ணீரும் வந்தது. இரண்டும் சேர்ந்து ஒருநாள் சாவை வாசலிலேயே மறித்துக்கொண்டன. சாவு சண்டை போடவில்லை. இனிமேல் வயதானவர்களுக்காக மட்டும் வருவதாகத் தூளியிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டது.

தூளி அதை நம்பவில்லை. நாச்சாத்தாளும் நம்பவில்லை. பாதி போய்விடும் என்ற பழைய கணக்கிலேயே பெற்றாள். இந்த முறை ஒன்றும் போகவில்லை. வழித்து வழித்தே தன் அடி தேய்ந்துவிட்டதென்று சோற்றுப்பானை முறையிட்டது. பங்கு பிரித்தால் வரப்புகளுக்கே தன்னில் பாதி போய்விடுமென்று அவர்கள் உழும் காடு புலம்பியது. தூளி எதையும் காதில் வாங்கவில்லை. ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு அடுத்தவர் பேச்சு எங்கே கேட்கும்?

கடைசியாகப் பிறந்தவனையும் வழக்கம் விடாமல் விற்று வாங்கித் தவிடன் என்றே கூப்பிட்டார்கள். பங்கு பிரித்தபோது அவனுக்கு வந்த நிலத்தில் ஒரு மாடு திரும்ப முடியாது. அதனால் யாரும் பெண் கொடுக்கவில்லை. தூளி தொங்கிய அண்ணன் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு இருந்துவிட்டான். பாவம், நல்ல மனிதன்.

அண்ணன் மனைவி பூங்கொடி பள்ளிக்கூடம் போய்ப் படித்தவள், நூல்மில்லில் வேலை பார்ப்பவள். தனக்குப் பிறந்த ஒரு பெண்ணும் ஒரு பையனும் வளர்ந்து இறங்கியதும், தூளியை அவிழ்க்க ஸ்டூல் போட்டு ஏறினாள்.

தூளி உத்திரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கீழே இறங்கினால் அது வெறும் பழந்துணி.

“அவசரப்படாத அம்மிணி. சாவு என்னைக்கு வேணும்னாலும் வரும். கைக்காவலுக்கு இன்னொண்ணு இருக்கட்டும்” என்றது.

பூங்கொடி முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை. “சாவு வந்தாத் தூக்கிக் குடுக்கறதுக்குன்னு ஒரு புள்ளையப் பெத்து வெக்கச் சொல்றீங்களா?”

 

சுவரோரம் சாப்பிட்டுக்கொண்டிருந்த தவிடன் தலை நிமிர்ந்தான்.

“அப்படிப் பெத்து வெச்சதுதானுங்க அண்ணி நான்” என்றான். “வாங்கிட்டுப் போகத்தான் யாரும் வரல.”

பூங்கொடி இறங்கிவந்து அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். பிறகு ஏறி முடிச்சை அவிழ்த்தாள்.