குழந்தை மூச்சுவிட்ட விதம்

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவ ஆசிரமம் இருந்தது. அதன் தலைவி பிரிசில்லா அம்மா. சீடர்களில் பலர் அவரைவிட வயதில் மூத்தவர்கள். விலங்கியல் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தேவவரமும் அப்படித்தான்.

தேவவரத்தின் மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண்குழந்தை பிறந்துவிட்டது. மூச்சுத் திணறிய குழந்தையை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பிழைப்பது கஷ்டம் என்றார்கள். ஆசிரமமே முழங்காலில் நின்று ஜெபித்தது.

குழந்தை பிழைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மகள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். ஞாயிறு ஆராதனையில் நன்றி ஜெபத்தை அப்பாதான் ஏறெடுக்க வேண்டும்.

தேவவரம் பிரிசில்லா அம்மாவிடம் வந்தார்.

"என்னால முடியாதும்மா."

"ஏன்?"

"ஆயுசு பூரா இதைத்தானே பாடம் நடத்தினேன்! செல் பிரியுது, இதயம் துடிக்க ஆரம்பிக்குது, எல்லாம் தன்னால நடக்குது. பூமி உண்டானதும் உயிர்கள் உண்டானதும்கூட அப்படித்தான்னு தோணுது. எந்தப் படியிலயும் ஆண்டவரோட கையை நான் பார்க்கலை. பார்க்காத கைக்கு எப்படி நன்றி சொல்றது? சொல்லலைன்னா பொண்ணு மனசு உடைஞ்சுபோகும்."

பக்கத்தில் இருந்த ஏசடியான் என்ற சீடருக்குப் பொறுக்கவில்லை.

"முதல் உயிர் எப்படி வந்துச்சுன்னு யாராவது சொல்லிட்டாங்களா சார்? அந்த இடத்துலதான் ஆண்டவர் இருக்கார்."

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கு அதையும் ஒருத்தர் கண்டுபிடிச்சுட்டா, ஆண்டவரை எங்க போகச் சொல்வீங்க?"



"ஐயா, நீங்க ஜெபம் பண்ண வேண்டாம்" என்றார் அம்மா தேவவரத்திடம். "குழந்தை எப்படி மூச்சுவிட்டுச்சுன்னு மட்டும் எழுந்து சொல்லுங்க. தெரிஞ்சதுல எதையும் விடாதீங்க. பார்க்காததைச் சேர்க்காதீங்க."

ஞாயிற்றுக்கிழமை தேவவரம் சபைமுன் நின்றார். முன்வரிசையில் மகள் குழந்தையை மடியில் வைத்திருந்தாள்.

வகுப்பில் பேசுவதுபோலத்தான் தொடங்கினார். நுரையீரலுக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன என்றார். ஒவ்வொரு மூச்சுக்குப் பின்னும் அவை சுருங்கி மூடிக்கொள்ளாமல் இருக்க உடலே ஒரு பூச்சைச் சுரக்கிறது. கருவில் அது கடைசி வாரங்களில்தான் போதுமான அளவுக்குச் சேரும். இவள் அதற்குள் வந்துவிட்டாள்.

"அந்தப் பூச்சை மருந்தா மூச்சுக்குழாய் வழியா விட்டாங்க. நான் கண்ணாடிக்கு வெளியே நின்னேன். விலா எலும்பு உள்வாங்கி உள்வாங்கி அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் மெதுவா... அறைகள் திறந்திருக்கணும். நீலமா இருந்த உதடு..."

அவரால் மேலே பேச முடியவில்லை. மகளின் மடியைப் பார்த்தபடி நின்றார். கைகள் தாமாகக் குவிந்திருந்தன.

பிறகு பிரிசில்லா அம்மா பக்கம் திரும்பிச் சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான். ஜெபத்தை நீங்க ஆரம்பிங்கம்மா."

"இவ்வளவு நேரம் அதைத்தானே பண்ணிட்டிருந்தீங்க" என்றார் பிரிசில்லா அம்மா. "இனி ஆமென் மட்டும்தான் பாக்கி."