தெருவைக் கொளுத்தியது யார்?

முன்னொரு காலத்தில், யாராவது தன் குலத்தைக் குறைவாகப் பேசிவிட்டார்களோ என்று சதா காதைத் தீட்டிக்கொண்டிருந்த அரசன் ஒருவன் இருந்தான். பெயர் கனகதீரன்.

ஒரு திருவிழாவில் அவன் கூத்துப் பார்க்கப் போனான். அன்றைய கூத்தோ அவனுடைய பாட்டனார் கதை. அடுப்புப் புகை அரண்மனைக்குள் வருகிறதென்று ஒரு தெருவையே கொளுத்தியவர் அவர். ராஜ வேஷம் கட்டிய சடையாண்டி மீசையை முறுக்கிக்கொண்டு பந்தலுக்குள் குதித்ததுமே, மோர் விற்கிறவள் ஒருத்தி எழுந்து, "அடப் பாவி, நீ நாசமாப் போக!" என்று மண்ணை வாரித் தூற்றினாள். ஊரே கைதட்டியது.

அரசனின் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாள் சபையில் உத்தரவு பிறந்தது.

"இனி என் பாட்டனாரை எவன் பழித்தாலும் அவன் தலை போகும்!"

பிரதானி மார்த்தாண்டருக்கு இது நல்ல சமயமாகப் பட்டது. தன் யோசனைகளுக்கெல்லாம் கொட்டாவி விடும் அரசன், அரசவை விகடன் நல்லாண்டான் வாயைத் திறந்தாலே சிரிக்கிறானே என்று அவருக்கு நெடுநாள் எரிச்சல்.

"அரசே, அந்தக் கூத்தை நல்லாண்டானே திருத்தி, சபையில் ஆடிக் காட்டட்டும். மன்னர்மேல் ஒரு குற்றமும் வரக் கூடாது. நடந்ததில் எதையும் மறைக்கவும் கூடாது. தவறினால் அவன் தலையும் கூத்தாடி தலையும் உருளட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

சடையாண்டி நல்லாண்டான் வீட்டுக்கு ஓடி வந்தான். "சாமி, தெரு எரிஞ்சது நெசம். ராசாவும் நல்லவருன்னா அப்புறம் யாருங்க கொளுத்துனது? எனக்கு மூணு பொம்பளப் புள்ளைங்க இருக்குதுங்க!"

நல்லாண்டான் தன் கழுத்தையும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "உன் வேஷப் பெட்டியில பெரிய தலைப்பாகை இருக்கா?"

குறித்த நாளில் கூத்து தொடங்கியது. பாட்டனார் வேஷக்காரன் கையில் தாமரையோடு புன்னகைத்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்தில் பெரிய தலைப்பாகையோடு சடையாண்டி குதித்தான்.

"நான்தான் இந்த நாட்டுப் பிரதானி! இன்றைய பிரதானி மார்த்தாண்டருக்குப் பாட்டன்! கொண்டா தீவட்டியை!"

"ஐயோ வேண்டாம் பிரதானி, குடிகள் பாவம்!" என்று ராஜ வேஷம் அழுதது.

"நீங்க சும்மா கிடங்க!" என்று சடையாண்டி தீவட்டியைச் சுழற்றினான்.

சபை குலுங்கிச் சிரித்தது. மார்த்தாண்டர் துள்ளி எழுந்தார்.

"அபாண்டம்! கொளுத்தச் சொன்னவர் அரசர்! என் பாட்டனார் காலைப் பிடித்துக் கெஞ்சினார். அந்தக் கல்நெஞ்சர் எட்டி உதைத்தார்! அதில் விழுந்த முன்பற்கள் இரண்டும் இன்றும் எங்கள் பூஜை அறையில் இருக்கின்றன!"

சொன்ன பிறகுதான் அவருக்கு உத்தரவு நினைவுக்கு வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன கூத்து இது, நல்லாண்டான்?" என்றான் அரசன்.

"உத்தரவுப்படி ஆடியதுதான், அரசே. தெரு எரிந்தே ஆக வேண்டும். மன்னரும் நல்லவராக இருக்க வேண்டும். அப்புறம் பழியை எங்கே வைப்பது? பக்கத்தில் நின்றவர் தலையில் வைத்தேன்."

பாட்டனார் செய்தது அரசனுக்கும் தெரியாததல்ல. அவன் உதடு சிரிப்பில் துடித்தது. "பூஜை அறையிலா வைத்திருக்கிறீர், பிரதானி?" என்று கேட்டு வாய்விட்டுச் சிரித்தான். "சரி, உத்தரவை மீறியவர் தலையை என்ன செய்யலாம்?"

நல்லாண்டான் கைகூப்பினான். "விட்டுவிடுங்கள், அரசே. இந்தச் சபையில் பிரதானியார் உண்மை பேசியது இன்றுதான் முதல் தடவை. முதல் தடவையே தலையை வாங்கினால், அப்புறம் யார் பேசுவார்கள்?"

அரசன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உத்தரவு அன்றே ரத்தானது. அரசன் தன் கைக் கங்கணத்தைக் கழற்றி நல்லாண்டானுக்குப் பூட்டினான். சடையாண்டிக்குப் புதிதாக ஒரு கிரீடம் கிடைத்தது, பழைய கூத்தையே ஆடுவதற்கு.