மூன்று கிலோமீட்டருக்கு ஒரு டயர்

ஒரு மலையடிவார ஊரில் ஒரு ஜீப் இருந்தது. நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப். பச்சை நிறம் என்று பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்கும், பார்த்தால் தெரியாது. அதை ஓட்டியவன் பெயர் பொன்னுரங்கம்.

செவ்வாயும் வெள்ளியும் அதற்கு ஒரே வேலை. விடிந்ததும் மலையேறி, உச்சியிலிருக்கும் மேல்சோலையில் ரங்கநாயகியை ஏற்றிக்கொண்டு, பதினோரு மணிக்குள் கீழே பெரியாஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டும். ரங்கநாயகி மேல்சோலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைப்பவர். இரண்டு சிறுநீரகமும் நின்றுபோய் ஒன்றரை வருடமாகிறது. வாரத்துக்கு இரண்டு தடவை இயந்திரம்தான் அவர் இரத்தத்தைக் கழுவித் தருகிறது. பதினோரு மணி தாண்டினால் இயந்திரம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மேல்சோலையிலிருந்து ஆஸ்பத்திரி அறுபத்திரண்டு கிலோமீட்டர். அதில் ஐம்பத்தொன்பது தார். மிச்சம் மூன்று, மேல்சோலையை ஒட்டிய மூன்று, மழை பெய்தால் வெறும் சேறு.

போன வெள்ளிக்கிழமை அந்த மூன்றில் ஜீப் மாட்டிக்கொண்டது. ஏறுகிற வழியில். பொன்னுரங்கம் மிதிக்க மிதிக்கச் சக்கரம் தனக்குத்தானே குழி தோண்டியது. மேலே ரங்கநாயகி பையும் கையுமாகப் பள்ளிக்கூட வாசலில் பகல் ஒரு மணிவரை நின்றிருந்தார். சனிக்கிழமை முகம் வீங்கியது. ஞாயிற்றுக்கிழமை படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தபடியே தூங்கினார். இன்னொரு முறை தவறினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலையில் பொன்னுரங்கம் ஜீப்பை ஜமால் பாயின் டயர் கடைக்கு ஓட்டிவந்தான்.

"பாய், காப்பி மூட்டை ஏத்துற சென்றாயன் ஜீப்புக்குப் போட்டீங்கல்ல, அதே பட்டன் டயர். நாலு எடுத்து வைங்க."

"வந்ததும் வராததுமா என்ன அவசரம்? உக்காரு. பழசை முதல்ல கழட்டிப் பாப்போம். அதுக்குள்ள ஒரு டீ."

மனிதர்கள் டீ குடிக்கிற நேரத்தில் கடையில் இருக்கும் சாமான்கள் பேசிக்கொள்ளும்.

"என்னைத்தான் கேட்டார், கேட்டுச்சா?" என்றது அடுக்கின் உச்சியில் இருந்த பட்டன் டயர். அதன் உடம்பு முழுக்கக் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திக்கொண்டிருந்தது. "சேறுன்னா எனக்குச் சோறு மாதிரி. மூணு கிலோமீட்டர் என்ன, முப்பதும் ஏறுவேன்."

"ஏறுவீங்க, யார் இல்லேன்னா?" என்றது கீழ் அடுக்கில் இருந்த தார் டயர். வழவழப்பான, சன்னமான கோடுகள் உடைய டயர் அது. பேச்சும் அப்படித்தான். "ஆனா கணக்குன்னு ஒண்ணு இருக்குங்க. அறுபத்திரண்டுல அம்பத்தொம்பது என் ரோடு. நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு மார்க்கு. இதுக்கு மேல என்ன பரீட்சை வைக்கணும்?"

ஜாக்கியின் மேல் நின்றிருந்த ஜீப் அதைப் பார்த்தது. "தம்பி, நீ சொல்ற கணக்கு சரிதான். ஆனா தார் ரோட்டுல யாரும் எனக்காகக் காத்துக்கிட்டு நின்னதில்லை."



"அப்ப நான்தானே?" என்றது பட்டன் டயர்.

"ஒரு நிமிஷம்" என்று தரையிலிருந்து ஒரு குரல் வந்தது. கழற்றிப் போட்டிருந்த பழைய பின்பக்க டயர். வெள்ளிக்கிழமைச் சேறு அதன் பக்கவாட்டில் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது.

"தோத்துட்டு வந்தவனுக்கெல்லாம் என்ன பேச்சு?" என்றது பட்டன் டயர்.

"தோத்தவன்கிட்டதானே எப்படித் தோத்தேன்னு கேக்கணும்? ஒருத்தரும் கேக்கலை. நேரா ஜெயிக்கிறவனைத் தேட வந்துட்டாங்க." பழைய டயர் ஜீப்பின் பக்கம் திரும்பியது. "இவர் சேத்துல ஏறுவார். அதுல சந்தேகமில்லை. ஆனா அந்தம்மாவை ஏத்திக்கிட்டு நீ கீழே இறங்கணும். பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஈரத்தார். அங்கே இவரோட கட்டைங்க நுனி மட்டும்தான் ரோட்டைத் தொடும். சேத்துல நின்னா ஒரு தடவை தவறும். வளைவுல வழுக்கினா எல்லாத் தடவையும் தவறும்."

ஜீப் சுற்றும் முற்றும் பார்த்தது. நடு அடுக்கில், யார் கண்ணிலும் படாமல், இன்னொரு ஜாதி டயர் இருந்தது. கட்டைகளும் இருந்தன, கோடுகளும் இருந்தன. இரண்டும் பாதிப் பாதி. ஆல் டெரைன் என்று பக்கத்தில் அச்சடித்திருந்தது. எல்லாத் தரைக்கும் என்று அர்த்தமாம். கடையில் மற்ற டயர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் இரண்டுங்கெட்டான்.

"நீ என்ன சொல்றே?" என்று ஜீப் கேட்டது.

"சொல்றதுக்குப் பெருசா ஒண்ணுமில்லைங்க" என்றது அது. "தார்ல போனா உர்ருன்னு சத்தம் போடுவேன். வளைவுல அவசரப்படாம போனா பிடிச்சுக்குவேன். சேத்துல ரெண்டரை கிலோமீட்டர் சமாளிப்பேன். கடைசி அரை கிலோமீட்டர் செங்குத்து. அங்க நான் மட்டும் போதாது."

பட்டன் டயர் சிரித்தது. "வேலைக்கு வந்தவன், வேலை செய்ய மாட்டேன்னு சொல்றதைப் பாரு!"

"பின்னே அங்க என்ன செய்யணும்?" என்று ஜீப் விடாமல் கேட்டது.

"காத்தை இறக்கணும். நாப்பது பவுண்டு இருந்தா பாதியாக்கணும். அப்பத்தான் என்னால பாதத்தை விரிச்சு வைக்க முடியும். தார் வந்ததும் மறுபடி அடிச்சுக்கணும்."

ஜீப்புக்கு முகம் சுருங்கிவிட்டது. "நடு ரோட்டுல காத்தை இறக்கிட்டு நிக்கிறதா? பாக்கிறவன் பஞ்சர்னு நினைப்பான்."

"நினைக்கட்டும்" என்றது ஆல் டெரைன்.

"வெள்ளிக்கிழமை இதை யாராவது என்கிட்ட சொல்லியிருந்தா" என்று பழைய டயர் தரையைப் பார்த்து முனகியது. "எனக்கு அன்னிக்குப் பிடிமானம் இல்லாம இல்லை. மூச்சு முட்ட அடைச்சு வெச்சிருந்தாங்க. சேத்து மேல பந்து மாதிரி நின்னேன்."

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜமால் பாய் எழுந்து வந்தார். பழைய டயரைப் புரட்டி, குறுக்கே ஒரு விரலால் தடவினார்.

"பொன்னுரங்கம், இங்க வா. நடுவுல மட்டும் மொட்டை. ரெண்டு ஓரமும் கடையில வாங்கின மாதிரியே இருக்கு. காத்து எவ்வளவு வைப்ப?"

"நாப்பது பாய். ஆளுங்க ஏறுவாங்கல்ல, இறுக்கமா இருந்தாத்தானே வண்டி நிக்கும்?"

"சேத்துலயும் நாப்பதா?"

"சேத்துக்குன்னு தனியா எவன் காத்து வைப்பான்?"

"வைக்கணும்யா." பாய் நடு அடுக்கிலிருந்து நான்கு டயர்களை உருட்டித் தள்ளினார். "இதைப் போட்டுக்க. காத்தளக்க ஒரு கேஜும், கால்ல மிதிக்கிற பம்பும் தரேன். சேறு தொடங்குற இடத்துல இருபது. ஏறலைன்னா இன்னும் இறக்கு. மிதிக்காதே."

"சென்றாயன் பாத்தா சிரிப்பான் பாய்."

"அவன் ஜீப்புல மூட்டைதான் போகுது. உன் ஜீப்புல யாரு வராங்கன்னு அவனுக்குத் தெரியுமா?"

செவ்வாய்க்கிழமை விடியும்போதே மழை. ஏழரை மணிக்கு ஜீப் தார் முடிகிற இடத்தில் நின்றது. பொன்னுரங்கம் குனிந்து, மூன்று சக்கரத்தை முடித்துவிட்டு, நாலாவதின் வால்வைத் திறந்தான். காற்று உஸ்ஸென்று வெளியேறியது. சரியாக அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து சென்றாயனின் ஜீப் காப்பிக்கொட்டை மூட்டைகளோடு சேற்றை வாரியடித்துக்கொண்டு இறங்கிவந்தது.

"என்ன மாமா, புது டயரு, அதுக்குள்ள பஞ்சரா?" சென்றாயன் தலையை வெளியே நீட்டினான். "நாலுமா? மொத்தமா எவனாவது ஆணி அடிச்சுட்டானா?"

"போடா, உன் வேலையைப் பாரு."

"பட்டன் போடுன்னு அன்னிக்கே சொன்னேன்ல!" அவன் ஹாரன் அடித்துக்கொண்டே போனான். அவன் சொன்னதில் பொய்யில்லை. அந்தச் சேற்றில் அவன் ஜீப் ஒரு இடத்திலும் தயங்கவில்லை.

"மானம் போச்சு" என்றது ஜீப்.

"மேல ஏறுங்க" என்றன டயர்கள்.

ரெண்டரை கிலோமீட்டர் சொன்னபடியே போனது. பிறகு செங்குத்து வந்தது. பாதியில் பின்சக்கரம் ஒருமுறை வழுக்கிச் சுழன்றது. போன வெள்ளிக்கிழமை தோண்டிய குழி, தண்ணீர் நிரம்பி, நாலு முழம் தள்ளித் தெரிந்தது. பொன்னுரங்கம் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டு பத்து. அவன் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தியது. ஜீப் அலறியது.

"வேண்டாம்" என்றது பின்சக்கரம். "சத்தம் போட்டா நான் கீழேதான் போவேன்."

"நேரமாச்சு! அவங்க வாசல்ல நிப்பாங்க!" என்றது ஜீப்.

"நிப்பாங்க. அதனாலதான் சொல்றேன். இன்னும் இறக்கு."

பொன்னுரங்கம் என்ன நினைத்தானோ, இஞ்சினை அணைத்தான். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. சேற்றில் முழங்கால் புதைய இறங்கி, நாலு சக்கரத்திலும் காற்றைப் பதினைந்துக்குக் கொண்டுவந்தான். ஒரு வால்வு மூடியைச் சேற்றில் தவறவிட்டு, தேடாமல் விட்டுவிட்டான். டயர்கள் நான்கும் தளர்ந்து, பக்கவாட்டில் பிதுங்கி, பார்க்கப் பரிதாபமாக இருந்தன. முதல் கியரில், மிதிக்காமல், ஆளை விட்டு எண்ணச் சொன்னால் சக்கரத்தின் சுற்றை எண்ணிவிடலாம் என்கிற வேகத்தில் ஜீப் நகர்ந்தது. குழியின் ஓரத்தைத் தடவிக்கொண்டு தாண்டியது.

பள்ளிக்கூட வாசலில் ரங்கநாயகி குடைக்கடியில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். முகம் உப்பியிருந்தது. மூச்சு வாங்கினாலும் பேச்சின் குசும்பு மட்டும் குறையவில்லை.

"வந்துட்டியாப்பா? நான் சமையலுக்கே போயிருக்கலாமோன்னு பாத்தேன்." அவர் பார்வை கீழே போனது. "என்னடா இது, டயரெல்லாம் சப்பையா இருக்கு? வழியில எவனாவது காத்தைப் புடுங்கிட்டானா?"

"நான்தான் அக்கா புடுங்கினேன்."

"உனக்குப் புத்தி நல்லாத்தானே இருந்துச்சு?"

"ஏறுங்கக்கா, போறப்ப சொல்றேன்."

இறங்கும்போது அவர் முன்கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார். தார் வந்ததும் பொன்னுரங்கம் கால் பம்பை எடுத்தான். ஒரு சக்கரத்துக்கு ஐந்து நிமிடம். நாலாவது சக்கரத்துக்கு வரும்போது மழையா வேர்வையா என்று தெரியாமல் நனைந்திருந்தான்.

"முப்பது போதும்" என்றது டயர். "பழைய மாதிரி நாப்பது வேண்டாம்."

கேஜ் முள் முப்பதைத் தொட்டபோது அவனுக்கே கால் ஓய்ந்து நின்றுவிட்டது.

பதினாலு வளைவையும் ஜீப் உர்ரென்று உறுமிக்கொண்டே இறங்கியது. ஒன்பதாவது வளைவில் சென்றாயனின் ஜீப் ஓரங்கட்டி நின்றிருந்தது. உடைசல் ஒன்றுமில்லை. முந்தின வளைவில் பின்பக்கம் ஒருமுறை வழுக்கி இழுத்துக்கொண்டு போனதாம். மழை விடட்டும் என்று நிறுத்திவிட்டான். மூட்டைகளுக்கு அவசரமில்லை. கை மட்டும் காட்டினான். பொன்னுரங்கமும் கை காட்டினான். நிற்கவில்லை.

பத்து ஐம்பதுக்கு ஆஸ்பத்திரி. பதினோரு மணிக்கு ரங்கநாயகியின் கையில் ஊசி ஏறியது.

நாலு மணிநேரம் ஜீப் வேப்பமரத்தடியில் நின்றது.

"ஜெயிச்சுட்டோம்ல?" என்றது ஜீப்.

"வெள்ளிக்கிழமையும் அதே சேறுதாங்க" என்றது டயர்.

ஜீப் அதை யோசித்துப் பார்த்தது. வெள்ளிக்குப் பிறகு செவ்வாய். செவ்வாய்க்குப் பிறகு வெள்ளி. அதில் ஜெயிப்பதற்கு ஒன்றுமில்லை. போய்ச் சேருவது மட்டும்தான் இருந்தது.

மூன்று மணிக்கு மேல் ரங்கநாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முகம் வற்றியிருந்தது. பஞ்சு ஒட்டிய கையை மார்போடு வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வண்டி வாசலைத் தாண்டும்வரை கண்ணை மூடியிருந்தார்.

பிறகு, கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"வெள்ளிக்கிழமை அரைமணி முன்னாடியே கிளம்பிடு பொன்னு. காத்து இறக்கணும்ல."