மூச்சு விடாத பள்ளிக்கூடம்

குளக்கரை நாவல் மரத்தடியில் ஒரு கொக்கு பள்ளிக்கூடம் நடத்திவந்தது. முயல், அணில், கௌதாரி, மான் என்று அந்தக் காட்டுக் குட்டிகளெல்லாம் அங்கேதான் படித்தன. கொக்கு வாத்தியார் காலையில் ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்தால் பொழுது சாயும்வரை கால் மாற்றமாட்டார். குட்டிகளும் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே அசையாமல் உட்கார வேண்டும். யாராவது லேசாக நெளிந்தால் போதும், அலகைத் தூக்கி, "மூச்!" என்பார். பள்ளிக்கூடமே அடங்கிவிடும்.

முன்பு மத்தியானத்துக்கு மேல் குட்டிகள் ஓடி விளையாட ஆட்டமணி என்று ஒன்று இருந்தது. அந்த வருஷம் பக்கத்துக் காட்டுப் பள்ளியோடு ஒப்பித்தல் போட்டி வந்தது. வாத்தியார் ஆட்டமணியையும் வாய்ப்பாட்டுக்கு எடுத்துக்கொண்டார்.

பெற்றவர்கள் யாரும் வருத்தப்படவில்லை. மருதாயி முயலுக்குப் பெருமைதான். அவள் மகள் தும்பை பதினாறாம் வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லுவாள். விடியலில் சூரியனைக் கும்பிடும்போது, "சாமி, என் பிள்ளைக்குப் படிப்பைக் கொடு" என்றுதான் மருதாயி கேட்பாள். நல்ல கால்களைக் கொடு என்று கேட்கத் தோன்றியதே இல்லை. முயலாகப் பிறந்த பிள்ளைக்கு ஓட்டத்தைத் தனியாகக் கேட்பார்களா?

நாவல் மரத்துக்கும் முயல் வளைக்கும் நடுவில் ஒரு பொட்டல். ஒதுங்க ஒரு செடி கிடையாது. மேலே வல்லூறு வட்டமிடும். அந்தப் பொட்டலை ஒரே மூச்சில் ஓடிக் கடந்தால்தான் பிழைப்பு.

ஒருநாள் சாயங்காலம் மருதாயி வளை வாசலில் நின்று பார்த்தாள். தும்பை ஓடிவந்தாள். கறையான் புற்றுக்குப் பக்கத்தில் நின்று இளைத்தாள். கொஞ்ச தூரம் ஓடி மொட்டைக் கல்லருகே நின்றாள். வளைக்கு நாலு பாய்ச்சல் இருக்கும்போது மூன்றாம் தடவையும் நின்றாள். அப்போதுதான் அவள் மேல் நிழல் விழுந்தது.

மருதாயி எப்படிப் பாய்ந்தாளோ, சாமிக்குத்தான் தெரியும். மகளைக் கவ்விக்கொண்டு வளைக்குள் உருண்டாள். தும்பையின் முதுகு முடி ஒரு கொத்து வல்லூறின் நகத்தோடு போய்விட்டது.

"ஏன்டி நின்னே?"

"மூச்சு வரலம்மா."

"முயலுக்குப் பிறந்துட்டு மூச்சு வரலையா?"

"விட்டுப் பழக்கமில்லம்மா. வாத்தியார் 'மூச்'னு சொன்னா நான் விடமாட்டேன். ரொம்ப முடியாதப்போ மூக்கு நுனியில கொஞ்சூண்டு விட்டுக்குவேன். அவருக்குத் தெரியாது."

மருதாயிக்குக் கோபம் பொங்கியது. சத்தம் போடாதே என்பதற்கு ஒரு சொல். பச்சைப் பிள்ளை அதை அப்படியே நம்பி, ஒரு வருஷமாக மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தானும் அதே 'மூச்'சைச் சொல்லி அதட்டியது அவள் நினைவுக்கு வந்தது. கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

மறுநாள் அவள் சூரியனைக் கும்பிடக்கூட நிற்கவில்லை. நேரே நாவல் மரத்தடிக்குப் போனாள். நடந்ததைச் சொன்னாள். ஆட்டமணியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டாள். வாத்தியார் ஒற்றைக் காலில் நின்றபடியே கேட்டார். போட்டி முடியட்டும், அதுவரை பிள்ளை மெதுவாக நடந்தே வரட்டும் என்றார்.

"நடந்து வந்தா வல்லூறு காத்திருக்குமா வாத்தியாரே? பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொன்னா இறக்கி விட்டுடுமா?"

"ஆடுற பிள்ளை தேறாது, மருதாயி. என்னைப் பார். அசைஞ்சிருக்கேனா?"

"நீங்க மீனுக்காக அசையாம நிக்கிறீங்க. என் பிள்ளை எதுக்காக அசையாம இருக்கணும்?"

வாத்தியார் அலகைத் தூக்கினார். "மூச்!" என்றார், மருதாயியைப் பார்த்தே.

வேலியில் இருந்த ஓணான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. முன்னங்காலை ஊன்றி உடம்பைத் தூக்கும், இறக்கும். அதைத் தலையாட்டி என்று குட்டிகள் கேலி செய்யும். திரும்பிவந்த மருதாயியைக் கூப்பிட்டு அது சொன்னது: "ஓடத் தெரியாம இல்ல உன் பிள்ளை. மூச்சு மேல்நெஞ்சிலேயே நின்னுடுது. வயிறும் முதுகும் துவண்டு கிடக்கு. விடியலில் அனுப்பு, நான் பார்த்துக்கிறேன்."

செய்தி வாத்தியார் காதுக்குப் போனது. "வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்கிட்டா. அப்புறம் குத்துதே குடையுதேன்னு என்கிட்ட வரக் கூடாது" என்று சிரித்தார்.

மருதாயி அந்தக் கோபத்தோடேயே ஒவ்வொரு வளைக்கும் பொந்துக்கும் போனாள். தும்பையின் முதுகைத் திருப்பிக் காட்டினாள். "நாளைக்கு உன் பிள்ளைக்கு முடியோட போகுமா, தலையோட போகுமா?" என்று கேட்டாள். மறுநாள் முதல் பள்ளிக்குப் போகுமுன் எல்லாக் குட்டிகளும் வேலியோரம் வந்துவிட்டன.

ஓணான் யாரையும் ஓடச் சொல்லவில்லை. புல்லில் மல்லாந்து படுக்கச் சொன்னது. வயிறு உப்ப மூச்சை இழுங்கள் என்றது. பிறகு தொப்புள் முதுகோடு போய் ஒட்டுகிற மாதிரி மெல்ல மெல்ல விடச் சொன்னது. விடும்போதே தலையைத் தூக்க வேண்டும். அப்புறம் ஒரு காலை நீட்டி, அவசரப்படாமல் இறக்க வேண்டும். அணில் குட்டி நாலாவது தடவையே வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இது ஓட்டத்தை விடக் கொடுமை" என்றது.

தும்பைக்கு முதல் வாரம் மூச்சு விடவே பயமாக இருந்தது. விடும் முன் சுற்றிப் பார்த்துக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மருதாயி பல்லைக் கடித்துக்கொள்வாள்.

ஒரு மாதத்தில் புற்றருகே நிற்பது நின்றது. இன்னொரு மாதத்தில் மொட்டைக் கல்லையும் தாண்டினாள். காட்டிலேயே வேகமான முயல் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருநாள் நாவல் மரத்தில் கிளம்பியவள் எங்கேயும் நிற்காமல் வளைக்கு வந்துசேர்ந்தாள். மருதாயி மேலே பார்த்துக் கும்பிட்டாள். கோபம் மட்டும் குறையவில்லை.

போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. தும்பை எழுந்து வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். குளத்துத் தண்ணீரில் ஒரு நிழல் வட்டமிட்டது. அவள் நிறுத்திவிட்டாள்.

"என்ன முழிக்கிறே? மேலே சொல்."

"வாத்தியாரே, வல்லூறு..."

"மூச்!"

தும்பை வயிறு நிறைய மூச்சை இழுத்தாள். நாவல் மரம் அதிரக் கத்தினாள்: "வல்லூறு! எல்லாரும் ஓடுங்க!"

ஒரு குட்டிகூட உட்கார்ந்திருக்கவில்லை. பொட்டலில் ஒரு குட்டி நிற்கவில்லை. ஒரே மூச்சு. மான்குட்டி பொட்டலைத் தாண்டிப் புதருக்குள் பாய்ந்தது, மற்றவை முயல் வளைக்குள் புகுந்தன. கடைசியாக வந்த கௌதாரிக் குஞ்சையும் மருதாயி உள்ளே இழுத்துக்கொண்டாள்.

வாத்தியாரும் பறக்கத்தான் பார்த்தார். நின்ற கால் மரத்துப்போயிருந்தது. மடக்கிய கால் நீள மறுத்தது. உந்தி எழ முடியாமல் தலைகுப்புறக் குளத்துச் சேற்றில் விழுந்தார். வல்லூறு வால் இறகு இரண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. அது மறையும்வரை அவர் தண்ணீருக்குள் மூச்சை அடக்கிக் கிடந்தார்.

மருதாயி குளக்கரைக்கு வந்தாள். வாத்தியார் சேற்றோடு தலையைத் தூக்கி, கண் பிதுங்க, "மருதாயி... மூச்சு... மூச்சு..." என்று திணறினார்.

"விடுங்க வாத்தியாரே. விடக் கூடாதுன்னு இங்க யாரும் சொல்லமாட்டோம்."

அவர் இளைப்பு அடங்கும்வரை காத்திருந்தாள். அப்புறம் கேட்டாள்: "நாளையிலிருந்து ஆட்டமணி உண்டா, இல்லையா? அதைச் சொல்லிட்டுக் கரையேறுங்க."

கொக்கு வாத்தியார் வேலி ஓணானைப் போலவே தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

பிள்ளையின் மூச்சை அடக்கி ஊட்டுகிற படிப்பு, அந்தப் பிள்ளையின் உயிருக்கு ஆபத்து வரும் நாளில் உதவாது.