பதினெட்டு எம்பி வெண்பா

"குருவே, இந்த விதி அநியாயம்" என்றார் தாணுமூர்த்தி.

குரு ஜெராக்ஸ் மெஷினுக்கு மை நிரப்பிக்கொண்டிருந்தார். பெயர் இசக்கியம்மாள். வயது நாற்பது. சீடருக்கு அறுபத்திரண்டு. வடசேரியில் கடை, இணையத்தில் 'ஈற்றடி' என்றொரு மடற்குழு. எண்ணூறு பேர் அதில் மடல் வழியாக வெண்பா எழுதப் பழகினார்கள்.

"எந்த விதி அண்ணாச்சி?"

"மடலோட கோப்பு எதையும் இணைக்கக் கூடாதுங்கிற விதி. நூறு வெண்பா எழுதியிருக்கேன். பக்கத்துக்குப் பக்கம் மாவிலைத் தோரணம் போட்டு, முகப்புல என் போட்டோவும் வச்சு, ஒரே கோப்பா ஆக்கியாச்சு."

"என்ன கனம்?"

"பதினெட்டு எம்பி."

"நம்ம மாவட்டத்துக்கே ஒரு எம்பிதானே அண்ணாச்சி."

தாணுமூர்த்தி சிரிக்கவில்லை. முப்பது வருஷம் பத்திரம் எழுதியவர் அவர். எழுதியதில் கையெழுத்துப் போட்டவர்கள் ஆயிரம் பேர். படித்தவர் ஒருவரும் இல்லை. வீட்டம்மாவோ வெண்பா என்ற சொல் காதில் விழுந்ததும் அரிசி களையப் போய்விடுவார். அந்த வீட்டு அரிசியைப் போல வெளுத்த அரிசி குமரி மாவட்டத்திலேயே கிடையாது.

"ஒரே ஒருத்தராவது படிக்கணும் குருவே. அதுக்குத்தான் கேக்கேன்."

"அப்போ ஒரு பாட்டை மடலுக்குள்ளயே எழுதி அனுப்புங்க."

"தோரணம்?"

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சரி. இணைச்சே அனுப்புங்க."

அனுப்பினார். 'இத்துடன் என் நூறு வெண்பாக்கள். படித்துக் கருத்துரைக்க வேண்டுகிறேன்.' கோப்பு ஏறி முடிவதற்குள் சவரம் செய்து, குளித்து, மறுபடி தாடியும் முளைத்துவிட்டது.

மதியத்துக்குள் நாற்பத்தொரு பதில்கள்.

'அருமை ஐயா!'

'ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.'

'ஐம்பத்தேழாம் பாட்டில் கண் கலங்கிவிட்டது.'

துபாய்க்காரர் ஒருவர் நூறையும் மனப்பாடம் செய்துவிட்டாராம்.

தாணுமூர்த்தி ஒற்றைச் செருப்போடு கடைக்கு ஓடினார்.

"பாத்தீங்களா குருவே! ஜனங்க அழுதிருக்காங்க. விதியைத் தூக்குங்க!"

குரு திரையை அவர் பக்கம் திருப்பினார். குழுவுக்குப் போய்ச் சேர்ந்த அவருடைய மடல். வணக்கம் இருந்தது. வேண்டுகோள் இருந்தது. அடியில் ஒரு வரி:

'இணைப்பு நீக்கப்பட்டது.'

"இதை எப்போ நீக்கினீங்க?"

"நான் தொடவே இல்ல. யார் என்ன இணைச்சாலும் சாஃப்ட்வேரே வெட்டிரும். மிச்சந்தான் ஊருக்குப் போகும்."

"அப்போ அந்த ஐம்பத்தேழாம் பாட்டு?"

"அதைத்தான் நானும் தேடிட்டிருக்கேன்."

ஒருவர் வந்து ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனார். இன்னொருவர் வந்தார், போனார்.

பிறகு தாணுமூர்த்தி முக்காலியை இழுத்துப் போட்டுக் கணினி முன்னால் உட்கார்ந்தார். தோரணம் இல்லை, போட்டோ இல்லை. மடலுக்குள் ஒரே ஒரு வெண்பா. நாலே அடி. அனுப்பினார்.

சாயங்காலம் வரை அங்கேயே இருந்தார்.

ஒரே ஒரு பதில் வந்தது. மட்டக்களப்பிலிருந்து, முன்பின் தெரியாத ஒருவர். பாராட்டு இல்லை, வணக்கம்கூட இல்லை.

'மூன்றாம் அடியில் ஒரு சீர் குறைகிறது. எண்ணிப் பாருங்கள்.'

தாணுமூர்த்தி விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். மெல்ல எழுந்து நின்றார்.

"குறையுது குருவே!" என்று அவர் போட்ட கூச்சலில் வடசேரி ஸ்டாண்டை விட்டுக் கிளம்பிய பஸ் நின்றுவிட்டது. "நிஜமாவே குறையுது!"